இலை மேலே ஒரு காடு!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் கலசத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். 236 அடி உயரம் ஆயிற்றே! மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கவோ நானூறுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏற வேண்டும். இப்படிப் பெரிய பெரிய சமாச்சாரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் திருச்சிக் குழந்தைகள்.

இன்று ஒரு மாறுதலுக்கு, ரொம்ப ரொம்பச் சின்ன ஒன்றைப் பார்க்கலாமா? இதற்கு அண்ணாந்து நிற்க வேண்டாம். குனிந்தால் போதும். கையில் ஒரு பூதக்கண்ணாடி, மனசில் கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். திண்டுக்கல், வத்தலக்குண்டு தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து மலை ஏறும். ஏரியில் படகுச் சவாரி, தூண் பாறை, பை நிறைய சாக்லெட். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு நண்பனிடம், “எல்லாம் பார்த்தாச்சு!” என்று பெருமை அடித்திருப்பீர்கள். ஆனால், பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. சோலைக்காட்டுக்குள், ஓடை ஓரம் நிற்கும் செடியின் இலை மேலேயே உட்கார்ந்திருந்தது. பச்சை மேல் பச்சையாக இருந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை.

அது ஒரு செடி. ஆமாம், இலையின் மேல் வாழும் முழுச் செடி! அதற்கும் தண்டு உண்டு. அந்தத் தண்டின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டி இலைகள் உண்டு. ஒரு இலையின் நீளம் பல வகைகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கசகசா விதையின் மேல் இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம். கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு: அரை மில்லிமீட்டர் இலைகளை ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிறுத்தி ராஜகோபுர உயரத்தைத் தொட எத்தனை இலை வேண்டும்? கோபுரம் சுமார் 72 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 1 லட்சத்து 44 ஆயிரம்!

ஈரல் மாதிரி ஒரு செடி

இந்தச் செடிக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் லிவர்வொர்ட் என்று பெயர். தமிழில் ஈரல் தாவரம் என்று சொல்லலாம். இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சில செடிகள் தட்டையாக, மடல் மடலாக, ஆட்டு ஈரல் போலத் தரையில் படர்ந்திருக்கும். அதைப் பார்த்த அந்தக் காலத்து ஐரோப்பியர்கள், “ஈரல் மாதிரி இருக்கிறதே, அப்படியானால் ஈரல் நோய்க்கு இதுதான் மருந்து” என்று நம்பினார்கள். அப்படிப் பார்த்தால் வெண்டைக்காய் தின்றால் விரல் நீளும்! நோய் தீரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் அறிவியல் புத்தகத்தில் பிரையோஃபைட்டுகள் என்று ஒரு பாடம் வரும். மாஸ் எனப்படும் பாசிச் செடிகளும் இந்த ஈரல் தாவரங்களும் அதில்தான் வருகின்றன. பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. உண்மையான வேரும் கிடையாது. தண்ணீரை மேலே ஏற்றிச் செல்லும் குழாய்கள்கூடப் பெரிய செடிகளில் இருப்பது போல இல்லை. குளத்தில் மிதக்கும் பாசியோடு இவற்றைச் சேர்த்துவிடாதீர்கள். அது வேறு குடும்பம்.

உலகத்தில் சுமார் 7,000-க்கும் மேற்பட்ட ஈரல் தாவர வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஈரமான பாறையிலும், மரப்பட்டையிலும், மக்கிய கட்டையிலும், மண்ணிலும் வாழ்கின்றன. ஒரு கூட்டம் மட்டும், ‘எங்களுக்கு இலைதான் வேண்டும்’ என்று உயிருள்ள இலையின் மேலேறி உட்கார்ந்துகொண்டது. அப்படி வாழ வேண்டுமானால் ஆண்டு முழுக்க ஈரமும் நிழலும் மூடுபனியும் வேண்டும். அதனால்தான் வெப்பமண்டலத்து மழைக்காடுகளில், அதிலும் மலைமேல் இருக்கும் காடுகளில், இவற்றுக்குக் கொண்டாட்டம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளும் பசுமைமாறாக் காடுகளும் அப்படிப்பட்ட இடங்கள்தான். காட்டுக்குள் ஏலக்காய்ச் செடியோ காப்பிச் செடியோ நின்றால், அதன் இலைமேலும் இவை ஏறிக்கொள்வது உண்டு.

திருச்சியில் ஏன் இல்லை என்று கேட்கிறீர்களா? சித்திரை வெயிலில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். பதில் கிடைத்துவிடும்! இந்தச் செடியின் இலை ஒரே ஒரு செல் கனம்தான். அதற்கு மேல்தோல் இல்லை, மெழுகுப் பூச்சு இல்லை. காற்று உலர்ந்தால் அதுவும் உடனே உலர்ந்துவிடும்.

வீடு எப்போது விழும்?

ஒரு மரத்தில் குடியிருப்பது சுலபம். மரம் நூறு வருஷம் நிற்கும். ஆனால் இலை? பசுமைமாறாக் காட்டில் ஒரு இலை ஓராண்டு, இரண்டாண்டு, சிலவற்றில் அதற்கும் மேல் மரத்தில் இருக்கும். பிறகு பழுத்து உதிர்ந்துவிடும். இலை தரையில் விழுந்தால், அதன் மேல் இருக்கும் ஈரல் தாவரமும் சருகோடு சேர்ந்து மக்கிப்போகும். அதாவது, என்றைக்கு வேண்டுமானாலும் விழக்கூடிய வீட்டில் குடித்தனம்!

எனவே இந்தச் செடிக்கு எல்லாமே அவசரம். இலை விழுவதற்குள் ஒட்ட வேண்டும், வளர வேண்டும், அடுத்த இலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும்.

ஒட்டுவதை எப்படிச் செய்கிறது? வழவழப்பான இலையில் மழைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும். அங்கே கால் ஊன்ற வேண்டும். தண்டின் அடியிலிருந்து நூலைவிட மெல்லிய இழைகள் கிளம்பும். இலையைத் தொட்டதும் அவற்றின் நுனி விரிந்து சின்னத் தட்டு போல ஆகிவிடும். அந்தத் தட்டு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். இலைக்குள்ளே புகுந்து சாற்றை உறிஞ்சாது. இதனால் இதை ஒட்டுண்ணி என்று சொல்லக்கூடாது. சாப்பாட்டை வெளிச்சத்தில் தானே சமைத்துக்கொள்கிறது. தண்ணீரையும் உப்புகளையும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. இடம் மட்டும்தான் இரவல்.

தண்ணீர் சேமிக்கவும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு இலையும் இரண்டாக மடிந்திருப்பது தெரியும். மேல்பக்கம் பெரிய மடல். அடியில் அதோடு சேர்ந்தாற்போல் ஒரு சின்ன மடல், பை மாதிரி சுருண்டிருக்கும். மழை பெய்தால் இந்தப் பை நிறையும். வெயில் வந்தாலும் கொஞ்ச நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம். அந்த ஒரு சொட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் நீந்திக்கொண்டிருக்கும். இலை மேல் செடி, செடியில் பை, பைக்குள் குளம், குளத்தில் மீன் மாதிரி உயிரிகள்!

இந்தப் பை சமாச்சாரத்தில் கொலூரா என்ற வகை ஒரு படி மேலே போய்விட்டது. அதன் பையின் வாயில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. கதவு உள்பக்கம் மட்டுமே திறக்கும். எலிப்பொறி நினைவுக்கு வருகிறதா? ஆப்பிரிக்காவில் கென்ய நாட்டு மலைகளில் வளரும் ஒரு கொலூராவை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பரிசோதித்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அது இருந்த தண்ணீரில் ஒற்றைச் செல் உயிரிகளை விட்டார்கள். அவை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயின. திரும்பி வரவில்லை. உள்ளேயே செத்துப்போயின. பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பூச்சியைவிடப் பல மடங்கு சிறிய உயிரைப் பிடிக்கும் செடி இது.

சரி, பிள்ளைகளை அடுத்த இலைக்கு அனுப்புவது எப்படி? இரண்டு வழி உண்டு.

முதல் வழி, ஸ்போர்கள். பூ இல்லாத செடிகளின் தூள் விதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு குட்டி உருண்டை உருவாகி, முற்றியதும் நான்காகப் பிளந்து ஸ்போர்களைச் சிதற விடும். பல தாவரங்களின் ஸ்போர் மண்ணில் விழுந்த பிறகுதான் முளைக்கத் தொடங்கும். இலைமேல் வாழும் இந்தக் குடும்பத்துக்கோ அந்தப் பொறுமை இல்லை. உருண்டைக்குள் இருக்கும்போதே ஸ்போரின் உள்ளே செல்கள் பிரிந்து வளர ஆரம்பித்துவிடும். வெளியே வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே முதல் பாடத்தைப் படித்து முடித்துவிட்ட பையனைப் போல!

இரண்டாவது வழி இன்னும் வேகமானது. இலையின் மேலேயே வட்ட வட்டமாகச் சின்னஞ்சிறு தட்டுகள் முளைக்கும். மழைத்துளி ‘பட்’டென்று விழும்போது தட்டு கழன்று தெறிக்கும். பக்கத்து இலையில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே புதுச் செடி ஆகிவிடும். அப்பா, அம்மா, முகூர்த்தம் எதுவும் தேவையில்லை!

அடுத்த முறை மலைக்காட்டுப் பாதையில் நடக்கும்போது ஒரு கிளையைக் கவனித்துப் பாருங்கள். நுனியில் இருக்கும் கொழுந்து பளபளவென்று சுத்தமாக இருக்கும். அடுத்த இலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளி. கிளையின் அடிப்பக்கத்து முற்றிய இலையில் படம் படமாகப் படர்ந்திருக்கும். ஒரே கிளையில் இந்தச் செடியின் முழு வாழ்க்கையையும் பார்த்துவிடலாம். பார்க்கும்போது காலையும் கொஞ்சம் கவனியுங்கள். அட்டைப்பூச்சிக்கும் ஈரம்தான் பிடிக்கும்.

இடம் கொடுத்த இலைக்கு லாபமா, நஷ்டமா?

பாவம் அந்த இலை, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் மேலே உட்கார்ந்தால் அதற்குக் கஷ்டம்தானே என்று தோன்றும். கொஞ்சம் வெளிச்சம் குறைவது உண்மைதான். மழைக்காட்டு மரங்களின் இலை நுனி அரசிலை போல நீண்டு கூர்மையாக இருப்பதைப் பார்த்து, தண்ணீரைச் சீக்கிரம் வடித்து இலைமேல் எதுவும் வளராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோஸ்டா ரிகா நாட்டு மழைக்காட்டில், இலைமேல் வாழும் லைக்கன்களை வைத்து ஆராய்ந்து பார்த்தபோது, கூர் நுனி அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. இந்த முடிவு 2005-ல் வெளியானது. பாடப்புத்தகத்து விளக்கத்தையும் காட்டுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும் போலிருக்கிறது!

லாபமும் இருக்கிறது. ஈரல் தாவரம் படர்ந்த ஈர இலையில் நீலப்பசும்பாசி என்னும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து வாழும். காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் திறமை அவற்றுக்கு உண்டு. நம் வயலுக்கு யூரியா போடுகிறார்களே, அந்தச் சத்துதான். அதில் ஒரு பங்கு இடம் கொடுத்த இலைக்குள் போகிறது என்று கோஸ்டா ரிகாவில் 1980-களில் கண்டுபிடித்தார்கள். இன்னொரு சங்கதி: அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில் இலைகளை வெட்டி ஊர்வலமாகத் தூக்கிச் செல்லும் எறும்புகள் உண்டு. மேலே செடி படர்ந்த இலையையும், துடைத்துச் சுத்தமாக்கிய இலையையும் வைத்தால், அவை சுத்தமான இலையைத்தான் விரும்புகின்றன. குடியிருப்பவர் காவல்காரராகவும் இருக்கிறார்!

பெயர் வைத்த பெண்

இலைமேல் வாழும் ஈரல் தாவரங்களின் பெயர்களைப் படித்தால் ரயில் பெட்டிகள் மாதிரி இருக்கும். கோலோலெஜூனியா, லெப்டோலெஜூனியா, டிரெபனோலெஜூனியா, மைக்ரோலெஜூனியா... எல்லாவற்றின் வாலிலும் ஒரு லெஜூனியா!

இந்த வாலுக்கு ஒரு கதை இருக்கிறது. இப்போது பெல்ஜியம் நாட்டில் இருக்கும் மால்மெடி என்ற சிற்றூரில் 1782-ல் பிறந்தவர் மரி ஆன் லிபேர். தோல் பதனிடும் தொழில் செய்த குடும்பம். பெண்கள் கல்லூரி வாசலை மிதிக்க முடியாத காலம் அது. ஊரைச் சுற்றிய காடுமேடெல்லாம் அலைந்து செடிகளைச் சேர்த்தார் அவர். செடிகளைப் பற்றிய புத்தகங்கள் லத்தீன் மொழியில் இருந்தன. அதற்காக லத்தீனைத் தானாகவே கற்றுக்கொண்டார். அந்த வட்டாரத்தில் லெஜூன் என்ற மருத்துவர் இருந்தார். செடிகளின் மேல் அவருக்கும் பித்து. மரியின் திறமையைப் பார்த்து அவர் ஊக்கம் கொடுத்தார். 1820-ல் மரி ஒரு புதிய ஈரல் தாவர இனத்தை உலகுக்கு அறிவித்தபோது, நன்றி மறக்காமல் அதற்கு லெஜூனியா என்று அவர் பெயரையே வைத்தார்.

அந்த ஒரு பெயரிலிருந்து கிளம்பிய குடும்பம்தான் இன்று ஈரல் தாவரங்களிலேயே மிகப் பெரிய குடும்பம். அதில் 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இலைமேல் வாழ்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே.

நம் நாட்டில் ஈரல் தாவர ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர் சிவராம் காஷ்யப். லாகூரில் பேராசிரியராக இருந்தவர். இமயமலையில் நடையாய் நடந்து செடிகளைச் சேகரித்து, 1929-லும் 1932-லும் இரண்டு பாகங்களாகப் புத்தகம் எழுதினார். பிறகு லக்னோ நகரம் இந்த ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. இந்தியாவின் கோலோலெஜூனியா வகைகளுக்கு மட்டுமே அங்கிருந்து 2003-ல் தனியாக ஒரு நூல் வந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள திரு இருதயக் கல்லூரியில் இருந்த ஜார்ஜ் ஃபோரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலையின் பாசிச் செடிகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் தயாரித்த பட்டியல் 1961-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. ஃபோரோயெல்லா என்று ஒரு பாசிச் செடி இனத்துக்கே அவர் பெயர் இருக்கிறது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த டேனியல்ஸ், தமிழகத்தில் அதுவரை பதிவான பாசிச் செடிகள், ஈரல் தாவரங்கள் எல்லாவற்றையும் தொகுத்து 2010-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் காடுகளில் வாழும் இச்செடிகளைப் பற்றி 2013-ல் ஒரு பெரிய நூலும் வந்தது.

காகித உறைக்குள் ஒரு செடி

செடியைக் கண்டுபிடித்தோம் என்று வாயால் சொன்னால் விஞ்ஞானம் நம்பாது. “எங்கே, காட்டு!” என்று கேட்கும். அதற்காகத்தான் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகங்கள் இருக்கின்றன. திருச்சிக்காரர்கள் இதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள புனித வளனார் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் ரபினாவின் நினைவாக 1967-ல் அதைத் தொடங்கியவர் கே.எம். மாத்யூ. கொல்லிமலை, பச்சைமலை, காவிரிக் கரை என்று அவரும் மாணவர்களும் சுற்றிச் சேகரித்த செடிகளை வைத்து, தமிழகத்தின் சமவெளிக்கும் சிறு மலைகளுக்குமான தாவர நூல்கள் 1980-களில் வெளிவந்தன. பழனி மலையின் பூக்கும் தாவரங்களைப் பற்றிய அவருடைய மூன்று பாக நூல் 1999-ல் வந்தது. 2004-ல் அவர் காலமானார். கொடைக்கானல் மலையில் பூக்கும் ஒரு செடிக்குப் பெயர் தெரிய வேண்டும் என்றால், இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது திருச்சியில் பிறந்த அந்தப் புத்தகத்தைத்தான்.

பூச்செடிகளைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டுவார்கள். ஈரல் தாவரத்துக்கு இவ்வளவு தடபுடல் கிடையாது. அது இருக்கும் இலையோடு சேர்த்து, மடித்த காகித உறைக்குள் போட்டுவிட்டால் போதும். மளிகைக் கடையில் மிளகு பொட்டலம் மடிப்பார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி! உறையின் மேல் எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், எந்தச் செடியின் இலை, என்ன தேதி, யார் எடுத்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாத பொட்டலம் வெறும் சருகுதான்.

பல வருஷம் கழித்து அந்த உறையைப் பிரித்து, உலர்ந்து சுருங்கிய செடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். சுருண்ட இலைகள் மெல்ல விரிந்து, செல்கள் உப்பி, நேற்றுப் பறித்தது போல நிமிர்ந்துவிடும். உயிர் வராது, உருவம் வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்து இலையின் ஓரத்துப் பல்லை எண்ணலாம், பையை அளக்கலாம்.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வராது. ஈரல் தாவரத்தின் செல்லுக்குள் எண்ணெய்த் திவலைகள் மின்னிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வகைக்கும் அவற்றின் எண்ணிக்கையும் வடிவமும் வேறு வேறு. நம் கைரேகை மாதிரி என்று சொல்லலாம். செடி உலர்ந்தால் பல வகைகளில் இந்தத் திவலைகள் மறைந்துவிடும். அதனால் காட்டிலிருந்து கொண்டுவந்த உடனே, சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, விஞ்ஞானிகள் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து படம் வரைந்துகொள்கிறார்கள். கண்டுபிடிப்பு என்றால் ராக்கெட், ரோபோ என்றுதான் நமக்குத் தோன்றும். கொசுக்கடியில் உட்கார்ந்து அரை மில்லிமீட்டர் இலையைப் பென்சிலால் வரைவதும் கண்டுபிடிப்புத்தான்.

குட்டிக் காட்டில் என்ன குறை?

பிரேசில் நாட்டில் மனாஸ் என்ற நகரத்துக்கு அருகே அமேசான் காட்டில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில், நடுநடுவே சில துண்டுகளை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்தார்கள். ஒரு துண்டு இரண்டரை ஏக்கர், இன்னொன்று 25 ஏக்கர், வேறொன்று 250 ஏக்கர் என்று பல அளவுகளில். அங்கே இலைமேல் வாழும் செடிகளைக் கணக்கெடுத்தவர் சார்ல்ஸ் ஸார்ட்மன். அவருடைய முடிவு 2003-ல் வெளியானது. சின்னத் துண்டுகளில் இந்தச் செடிகளின் வகையும் குறைவு, அளவும் குறைவு.

ஏன்? காற்று உள்ளே புகுந்து உலர்த்திவிட்டதோ என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அடுத்த சில ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொன்னன. சின்னத் துண்டில் இருந்த செடிக்கூட்டங்கள் மற்ற இடங்களைவிட வேகமாகச் சாகவில்லை. புது இலைக்குக் குடிபெயர்வதுதான் குறைந்துபோயிருந்தது. மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள். வீடு விழுவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். ஸ்போர்களையும் தட்டுகளையும் அனுப்பிவைக்க அக்கம்பக்கத்தில் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தால்தான் புது இலையில் யாராவது வந்து ஒட்டுவார்கள். காடு சுருங்கினால் அனுப்புகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள். பழைய இலைகள் வழக்கம்போல விழுகின்றன. புது இலைகள் சுத்தமாகவே நிற்கின்றன.

பழனி மலையில் சோலைகள் இயற்கையாகவே சிறியவை. புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்குகளில் மட்டும் அடர்ந்து நிற்கும். சென்ற நூற்றாண்டில் இந்த மலையின் பெரும் பரப்பில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். பைன் மரத்தடியில் நின்று நாம் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். பைனின் ஊசி இலையில் கோலோலெஜூனியா எங்கே உட்காரும்? 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் மிஞ்சி நிற்கும் சோலைகளில் காட்டெருமையும் மலை அணிலும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சோலையிலும் எந்தெந்த இலையின் மேல் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எண்ணி முடிக்க இன்னும் நிறையப் பூதக்கண்ணாடிகள் வேண்டியிருக்கும்.

சரணாலயத்துக்குள் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது, தெரியும் அல்லவா? ஆராய்ச்சியாளர்களே வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் எடுக்கிறார்கள். நாம் இலையைச் செடியிலேயே விட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, முகத்தை இலைக்குக் கிட்டே கொண்டுபோனால் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கிடைத்தால் ரொம்ப நல்லது.

மலைக்குப் போக விடுமுறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இலைமேல் வாழும் வகைகள்தான் திருச்சிப் பக்கம் வராது. தரையில் வாழும் அவற்றின் சொந்தக்காரர் ஒருவர் சமவெளியிலும் உண்டு. பெயர் ரிக்சியா. ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பிறகு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவில் வயல் வரப்பு, வாழைத்தோட்டத்து ஈரமண், வாய்க்கால் ஓரம் போன்ற இடங்களில் குனிந்து தேடுங்கள். தனியாகப் போகாமல் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு அளவு வட்டமாக, நடுவிலிருந்து கிளை கிளையாய் இரண்டிரண்டாகப் பிரிந்து, தரையில் யாரோ பச்சை மாவால் போட்ட கோலம் போல ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டு, இலை என்ற பிரிவே இல்லாத ஈரல் தாவரம் அது. தன் ஸ்போர்களை வெளியே வீசாமல் உடம்புக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கும். மாசி, பங்குனி வெயில் ஏறியதும் உடம்பு காய்ந்து மக்கிவிடும். அப்போதுதான் ஸ்போர்கள் விடுபட்டு, அடுத்த மழை வரும்வரை மண்ணுக்குள் காத்துக்கிடக்கும்.